சிவப்புத் தலைக் குச்சிகள்

அத்தியாயம் 9

போன வாரம் ராக்காயியைக் கடை வாசலில் விளக்குமாறும் கையுமாக நிறுத்திவிட்டு வந்தோம். பாவம், ஏழு நாளாக அப்படியே நிற்கிறாள். நடந்ததை நாலு வரியில் சொல்லி அவளை விடுவித்துவிடுவோம்.

நோர்வூட்டிலிருந்து பொகவந்தலாவைக்குப் போகிற வழியில் இருக்கிறது மூங்கில்மலை பஜார். சுற்றிலும் தேயிலை, நடுவில் இரண்டு வரிசைக் கடைகள், இடையே ஒரு பஸ் நுழைந்தால் ஆட்கள் சுவரோடு ஒட்டிக்கொள்ள வேண்டிய பாதை. அந்தப் பாதையை அகலமாக்கப் போகிறார்கள். அதற்கு வரைபடம் வரைந்தவன் ராக்காயியின் தம்பி கந்தப்பன். ஹட்டனில் ஒரு பிளான் அலுவலகத்தில் வேலை.

வரைபடப்படி, தலையில் சிவப்புச் சாயம் பூசிய இருபத்து மூன்று குச்சிகளை நட்டார்கள். குச்சி வரிசைதான் புதுப் பாதையின் மேல் ஓரம். அங்கிருந்து பள்ளத்துப் பக்கமாக இருபத்து நான்கு அடி பாதை. மேட்டுப் பக்கத்தில் இருந்த ராக்காயியின் தேநீர்க் கடைத் தாழ்வாரம் எட்டு அடி அதற்குள் போனது. தம்பி போட்ட கோடு அக்கா கடையையே வெட்டுகிறதே என்று பஜார் மூக்கின் மேல் விரலை வைத்தது.

பிறகு மூன்று நாள் அடைமழை. வெள்ளம் குச்சிகளைச் சாய்த்துப் போட்டது. மழை விட்டுப் பார்த்தால் குச்சிகள் மறுபடியும் நின்றன, ஆனால் பழைய இடத்தில் இல்லை. ராக்காயியின் தாழ்வாரம் தப்பியிருந்தது. எதிரே பள்ளத்துப் பக்கம் தையல்காரர் முத்துலிங்கத்தின் கடையில் பாதி பாதைக்குள் போயிருந்தது.

நட்டது யார்? பார்த்தவர் இல்லை. அந்த வெள்ளிக்கிழமை பஜார் மொத்தமும் மண்வெட்டியோடு வளைவில் சரிந்த மண்ணை அள்ளப் போயிருந்தது. வட்டவளைத் தொழிற்சாலையில் வேலை பார்க்கும் புருஷனைப் பார்க்கப் போன ராக்காயி, பஸ் இல்லாமல் அங்கேயே மாட்டிக்கொண்டிருந்தாள். மறுநாள் சனிக்கிழமை கந்தப்பன் அளவுநாடாவோடு குச்சிகளுக்குப் பக்கத்தில் நின்றதைப் பத்துப் பேர் பார்த்தார்கள். அது போதாதா?

யாரோ கொழும்பிலுள்ள நகரத் திட்டமிடுவோர் சங்கத்துக்கு எழுதிப் போட்டுவிட்டார்கள். சங்கத்தின் ஆள் இன்றைக்கு வருகிறார்.

காலை எட்டு மணி. பனி இன்னும் கூரைத் தகரத்தை விட்டு இறங்கவில்லை. ராக்காயி விளக்குமாற்றை மூலையில் சாத்திவிட்டு, ஒரு கோப்பைத் தேநீரை ஆற்றி எடுத்துக்கொண்டு எதிர்க் கடைக்குப் போனாள். முத்துலிங்கம் தையல் மெசின் முன்னால் உட்கார்ந்திருந்தார். மெசின் ஓடவில்லை.

பதினைந்து வருஷமாக அவருக்குக் காலைத் தேநீர் இவள் கடையிலிருந்துதான். பத்து நாளாக அது நின்று போயிருந்தது.

"அண்ணே, தேத்தண்ணி."

"வேணாம்."

"சீனி கொறச்சுத்தான் போட்டிருக்கேன்."

"குச்சிய நகத்துன குடும்பத்துத் தேத்தண்ணி எனக்கு வேணாம்."

"நான் நகத்தலண்ணே."

"நீ நகத்தலன்னு எனக்குத் தெரியாதா? நீ வட்டவளையில இருந்த. நின்னது ஒன் தம்பி. நாடாவும் கையுமா நின்னான்."

ராக்காயி கோப்பையை அவர் மேசையில் வைத்தாள். "கொழும்புக்கு எழுதுனது நீங்கதானே? எம் மூஞ்சியப் பாத்துச் சொல்லுங்க."

"நானா! எனக்கு அந்தச் சங்கத்தோட விலாசம் தெரியுமா? அவங்களுக்கு எழுதுற அளவுக்கு இங்கிலீசு தெரிஞ்சா நான் ஏன் மத்தவன் காச்சட்டைக்குப் பொத்தான் தைக்கிறேன்? மாரியம்மன் மேல சத்தியமா எழுதல."

ராக்காயி நம்பவில்லை. அவர் கடைதானே போகிறது, அவர் எழுதாமல் வேறு யார் எழுதுவது? ஆனால் அவளை உறுத்தியது அது இல்லை. எழுதியது யாராக இருந்தாலும், எழுதினதில் உண்மை இருக்குமோ என்பதுதான்.

அவள் மனசறிய ஒரு காரியம் நடந்திருந்தது. முதலில் குச்சி நட்ட ஞாயிற்றுக்கிழமை, தாழ்வாரத்து மண் தரையில் இரண்டு குச்சிகள் நிற்பதைப் பார்த்து அவள் அழுதாள். "ஒனக்காகப் பதினஞ்சு வருசம் இந்த அடுப்புல வெந்தேன். ஒரு கோட்டக் கொஞ்சம் வளைக்க முடியாதாடா?" என்று தம்பியிடம் கேட்டாள். அவன் பதில் சொல்லாமல் பஸ் ஏறினான். இப்போது கோடு வளைந்து நிற்கிறது. என் வாய்தான் அவனை இதைச் செய்ய வைத்தது என்று அவள் முடிவே கட்டியிருந்தாள்.

முத்துலிங்கத்தின் மேசையில் தேநீர் ஏடு கட்டியது. அவர் தொடவில்லை.

ஒன்பது மணி பஸ்ஸில் கந்தப்பன் வந்து இறங்கினான். இருபத்தைந்து வயது. வெள்ளைச் சட்டை, கக்கத்தில் சுருட்டிய வரைபடம். யாரும் அவனைப் பார்த்துச் சிரிக்கவில்லை. சலூன்காரர் கூடக் கண்ணாடியைத் துடைக்கிற சாக்கில் திரும்பிக்கொண்டார்.

அவனுக்கு இன்று போகப்போவது என்ன என்பதை ஒருமுறை நினைவில் வைத்துக்கொள்வோம். சங்கத்தின் பரீட்சைகளை அவன் பாஸ் பண்ணிவிட்டான். அடுத்த மாதம் அவன் பெயர் உறுப்பினர் பட்டியலில் ஏறவேண்டும். ஏறினால் தன் வரைபடத்தில் தானே கையெழுத்துப் போடலாம். இந்தத் தோட்டங்களில் பிறந்த ஒருவன் அந்தப் பட்டியலில் இதுவரை இல்லை. இன்றைய விசாரணையில் அவன் கை சுத்தமில்லை என்று முடிவானால், சாகிற வரை அடுத்தவர் வரைபடத்துக்குக் கோடு இழுத்துக் கொடுக்க வேண்டியதுதான்.

கடைக்குப் பின்னால், விறகு அடுக்கியிருந்த இடத்தில், அக்காவும் தம்பியும் நின்றார்கள்.

"சாப்புட்டியா?"

"பசிக்கல."

"அந்த ஐயா கேட்டா என்னடா சொல்லப் போற?"

"நீ என்ன சொல்லப் போற?"

"நான் எதுக்குச் சொல்லணும்?"

"சும்மா கேட்டேன்." அவன் அவள் கைகளையே பார்த்தான். விறகு பிளந்து காய்த்துப்போன கைகள். இருபத்து மூன்று குச்சி அடிப்பது அந்தக் கைகளுக்கு ஒரு வேலையே இல்லை.

ஆமாம், வாசகர்களே. இவள் அவனைச் சந்தேகப்பட்ட மாதிரியே அவனும் இவளைச் சந்தேகப்பட்டான். வட்டவளையிலிருந்து யாரிடமாவது சொல்லிவிட்டு இதைச் செய்திருப்பாள் என்று நினைத்தான். சனிக்கிழமை நாடாவைப் பிடித்து அளந்தபோதே குச்சிகள் நகர்ந்தது அவனுக்குத் தெரிந்துபோயிற்று. அன்றைக்கே அலுவலகத்தில் சொல்லியிருக்க வேண்டும். அக்காவைக் காட்டிக்கொடுக்க மனம் வராமல் வாயை மூடிக்கொண்டான். அந்த மௌனம் இப்போது அவன் கழுத்தைப் பிடித்திருக்கிறது.

"கந்தா, எதச் செஞ்சிருந்தாலும் எங்கிட்ட சொல்லிரு."

"அதையே நான் ஒங்கிட்டக் கேட்டா?"

அவள் முகம் சுருங்கியது. எடுத்த விறகைத் திரும்பவும் அடுக்கில் போட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள். மனம்விட்டுப் பேசியிருந்தால் இரண்டு நிமிஷத்தில் தீர்ந்திருக்கும். பேசாதது அவர்கள் குடும்பத்து வழக்கம்.

பத்தரைக்கு ஹட்டன் டாக்ஸி ஒன்று வந்து நின்றது. ஒல்லியான ஒருவர் குடையோடு இறங்கினார். காற்சட்டையைக் கணுக்கால் வரை மடித்துவிட்டுக்கொண்டு நேராகக் குச்சிகளிடம் போனார். சங்கத்தின் ஒழுக்கக் குழுவிலிருந்து வந்த அவர் பெயர் மத்தியாஸ். கையில் ஒரு தோல்பை, ஒரு மட்டக் கருவி.

ராக்காயி ஓடிப்போய்த் தேநீர் நீட்டினாள்.

"மன்னிக்கணும் அம்மா. விசாரணை முடியிற வரைக்கும் யார் வீட்டிலயும் எதுவும் குடிக்கக் கூடாது. அது எங்க சங்க விதி."

மலைநாட்டில் வீடு தேடி வந்தவர் தேநீரை வேண்டாம் என்று சொன்னால் அதற்கு ஒரே அர்த்தம்தான் உண்டு, பகை. ராக்காயிக்கு முகம் கறுத்துவிட்டது. இந்த ஆள் கொழும்பிலிருந்து புறப்படும்போதே தீர்ப்பை எழுதிப் பையில் போட்டுக்கொண்டு வந்திருக்கிறார் என்று நினைத்தாள்.

கூட்டம் கூடியது. முத்துலிங்கம் கழுத்தில் அளவு டேப்போடு முன்வரிசைக்கு வந்தார்.

"ஐயா, ஒன்னு கேக்கலாமா? கந்தப்பன் ஒங்க சங்கத்துல பரீட்ச எழுதுன ஆளு. நீங்களும் அதே சங்கம். தோட்டத்துச் சங்கம் எல்லாம் எங்களுக்குத் தெரியும். சந்தா கட்டுனவனுக்காகத்தான் பேசும். நீங்க எப்படி எனக்காகப் பேசுவீங்க?"

கூட்டத்தில் பலர் தலையாட்டினார்கள். நியாயமான கேள்விதான்.

மத்தியாஸ் கோபப்படவில்லை. "உங்களுக்காகவும் பேச வரல, அவருக்காகவும் பேச வரல. தோட்டத்துச் சங்கம் வேலை செய்யிறவனைத் துரைகிட்ட இருந்து காப்பாத்தும், அது அதோட கடமை. எங்க சங்கத்துக்கு வேற கடமை. எங்க ஆள் ஒருத்தர் தப்புக் கோடு போட்டா அவர்கிட்ட இருந்து ஊரைக் காப்பாத்தணும்."

"கோடு தப்புன்னா மாத்திருவீங்களா?"

"எங்களால முடியாது. நாங்க அரசாங்கம் இல்ல. யாரையும் பிடிச்சு மறியல்ல அடைக்கவும் முடியாது. இன்னார் போட்ட கோட்டை நம்பலாமா, நம்பக்கூடாதா, அதை மட்டும்தான் எங்களால சொல்ல முடியும். ஒரு தையல்காரர் சட்டையைக் கெடுத்தா போட்டுப் பார்த்ததும் தெரிஞ்சிடும். ஒரு ஊரோட பிளானைக் கெடுத்தா, தெரியிறதுக்குள்ள பத்து வீடு இடிஞ்சிருக்கும். அதனாலதான் கோடு போடுறவனைக் கண்காணிக்க ஒரு சங்கம் வேண்டியிருக்கு."

"அப்ப ஒங்க ஆளையே நீங்க சந்தேகப்படுவீங்களா?"

"அவரைத்தான் முதல்ல."

இந்தப் பதில் முத்துலிங்கத்துக்குப் பிடித்திருந்தது. ராக்காயிக்குப் பிடிக்கவில்லை.

மத்தியாஸ் வரைபடத்தை விரித்தார். பாலத்தடியில் நின்ற முதல் குச்சியிலிருந்து ஒவ்வொன்றாக அளந்தார். மட்டக் கருவியில் கண்ணை வைத்துப் பார்த்தார். நோட்டில் எழுதினார். மறுபடி பார்த்தார். ஒரு மணி நேரம் யாரும் இடத்தை விட்டு அசையவில்லை. கடைசியில் நிமிர்ந்தபோது அவர் முகம் நன்றாக இல்லை.

"வரைபடத்துல ஒரு கோடு கூட மாறல. மாறினது குச்சி மட்டும்தான். முதல் குச்சி சரியான இடத்துல நிக்குது. மத்த இருபத்து ரெண்டும் பள்ளத்துக்கு இறங்கியிருக்கு."

"அதத்தானே நான் சொல்றேன்!" என்றார் முத்துலிங்கம்.

"பொறுங்க. கடையைக் காப்பாத்த நினைக்கிறவன் கடைக்கு முன்னால உள்ள குச்சியை மட்டும் நகர்த்துவான். இங்க அப்படி இல்ல. இருபத்து மூனு குச்சியும் ஒரே மட்டத்துல நிக்குது. ஒரு அங்குலம் ஏற்ற இறக்கம் கிடையாது. கண்ணால பார்த்து இப்படி நட முடியாது. இது தொழில் தெரிஞ்ச கை." அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இந்தப் பஜார்ல மட்டம் பார்க்கத் தெரிஞ்சவர் யார் இருக்காங்க?"

அத்தனை தலையும் கந்தப்பன் பக்கம் திரும்பியது. கந்தப்பன் அக்காவைப் பார்த்தான். அக்கா நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு நின்றாள். அவளுக்கு யாரோ தொழில் தெரிந்தவன் உதவியிருக்கிறான், அவளைக் கூப்பிட்டு விசாரிக்கத்தான் போகிறார்கள் என்று அவனுக்குத் தோன்றியது.

"நான்தான் நட்டேன் சேர்" என்றான்.

"இல்ல!" ராக்காயி கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தாள். "ஐயா, அவன் மேல தப்பில்ல. நான்தான் அழுது அழுது கேட்டேன். எம் பேச்சக் கேட்டுத்தான் செஞ்சான். என்ன செய்யணுமோ என்னயச் செய்ங்க."

"அக்கா, நீ சும்மா இரு. நீ ஆள் வச்சு..."

"நான் ஆள் வச்சனா? நீதானடா செஞ்ச?"

"நான் செய்யல. நீ செஞ்சேன்னுதான்..." அவன் நிறுத்திக்கொண்டான்.

மத்தியாஸ் பேனாவை மூடினார். "இப்ப நான் யார் பேரை எழுதுறது?" என்று கேட்டார். ஓரத்தில் ஒருவர் சிரித்தார். மற்றவர்கள் சிரிக்கவில்லை.

அந்த நேரத்தில்தான் வட்டவளையிலிருந்து வரும் பகல் பஸ், பாதையை மறித்த கூட்டத்தைப் பார்த்து ஹார்ன் அடித்தது. கம்பளியைப் போர்த்துக்கொண்டு ஒரு கிழவர் இறங்கினார். ராக்காயி, கந்தப்பன் இருவரின் அப்பா இராமையா. மண்ணை அள்ளிப் பாதை திறந்த அந்த வெள்ளிக்கிழமை மாலையே, இருமலுக்கு மருந்தெடுக்க, வந்த முதல் லொறியில் மருமகன் வீட்டுக்குப் போனவர். பத்து நாளாகப் பஜாரில் என்ன நடக்கிறது என்று அவருக்கு ஒரு வரி தெரியாது.

"என்னா இது, காலையில பேர் கூப்புடுற பெரட்டுக் களம் மாதிரி கூட்டம்? யாரு செத்தா?"

"யாரும் சாகல. குச்சி நகந்துருக்கு" என்றார் முத்துலிங்கம். "யாரு நட்டதுன்னு ஐயா விசாரிக்கிறாங்க. தொழில் தெரிஞ்ச கையாம்."

இராமையாவின் முகம் மலர்ந்தது. "அப்படியா சொன்னாங்க? நான்தான் நட்டேன்."

எல்லோரும் கிழவர் பக்கம் திரும்பினார்கள்.

"மழையில சாஞ்சு கெடந்துச்சுங்க. பாலத்துக்கிட்ட ஒன்னுதான் நின்னுச்சு. சரி, கவர்மெண்டு குச்சி வீணாப் போகுதேன்னு எடுத்து நட்டேன். ஏற்கனவே எவனோ வேல தெரியாதவன் மட்டமில்லாம நட்டிருந்தான். கோடு மேட்டுல ஏறிக்கிட்டே போச்சு. அப்படி நட்டா மண்ணு நிக்குமா? ஒரு மழைக்கு அம்புட்டும் கழுவிக்கிட்டுப் போயிரும். மட்டம் பாத்து ஒழுங்காத் திருத்தி வச்சேன்."

முப்பது வருஷம் தோட்டத்தில் புதுமலை வெட்டும்போது தேயிலைக் கன்றுக்கு முன்னால் குச்சி நட்டு மட்டம் பிடித்துக் கொடுத்த ஆள் அவர். பெரிய துரை கூட அவர் நட்ட வரிசையில் கை வைக்க மாட்டார். அவருக்குக் குச்சி என்றால் மட்டத்துக்கு நிற்க வேண்டும். வேறு விதமாக நிற்கிற குச்சியை அவர் வாழ்நாளில் பார்த்ததில்லை. இது மகன் போட்ட பாதைக் கோடு என்று, பேசாத அந்தக் குடும்பத்தில் யாரும் அவருக்குச் சொல்லவுமில்லை.

கந்தப்பன் மெதுவாகச் சொன்னான். "அப்பா, அது தேயிலைக் குச்சி இல்லப்பா. பாதைக் குச்சி. பாதை பாலத்துல இருந்து பஜாருக்கு ஏறி வரணும். அதனாலதான் கோடு ஏறுது."

"அப்ப அந்த வேல தெரியாதவன்..."

"நான்தாம்ப்பா."

கிழவர் குச்சிகளையும் மகனையும் மாறி மாறிப் பார்த்தார்.

முத்துலிங்கம் விடவில்லை. "நல்லா இருக்கே கத! மகன் மாட்டிக்கிட்டான்னதும் அப்பன் வந்து ஏத்துக்கிறாரு. மூனாவது ஆளு ஐயா இது. இன்னும் பத்து நிமிசம் நின்னா மருமகனும் வந்து ஏத்துக்குவாரு. இத நம்பச் சொல்றீங்களா?"

மத்தியாஸும் நம்பியதாகத் தெரியவில்லை. கிழவரை முத்துலிங்கத்தின் கடைக்குள் சுவரைப் பார்த்து உட்காரவைத்தார். ஆறு குச்சிகளின் இடத்தைச் சுவரிலிருந்து அளந்து நோட்டில் குறித்துக்கொண்டார். குச்சிகளைப் பிடுங்கச் சொல்லி, குழிகளை அடைத்து, மேலே மண் போட்டு மிதிக்கவைத்தார். பிறகு கிழவரைக் கூப்பிட்டார்.

"இந்த ஆறு குச்சியையும் நடுங்க பார்ப்போம்."

இராமையா கடைக்குப் பின்னால் போய், மூன்று கம்புகளைக் கட்டிச் செய்த ஒரு சட்டத்தை எடுத்து வந்தார். இரண்டு கால், நடுவில் ஒரு குறுக்குக் கம்பு, உச்சியிலிருந்து கயிற்றில் தொங்கும் ஒரு கல். கயிறு குறுக்குக் கம்பில் வெட்டியிருந்த கோட்டைத் தொட்டால் இரண்டு காலும் ஒரே மட்டம். ஒரு காலை ஊன்றி, மற்றதைச் சுழற்றி, கல் ஆடி நிற்கும்வரை காத்திருந்தார். குச்சி வைத்தார். தட்டினார். அடுத்தது. இருமல் வந்தபோது நின்றார், பிறகு தொடர்ந்தார். ஒரு தடவையும் பின்னால் திரும்பிப் பார்க்கவில்லை.

மத்தியாஸ் அளந்தார். ஆறு குச்சியும் பழைய இடத்திலேயே நின்றன. அதிகம் போனால் இரண்டு விரல் வித்தியாசம்.

"இவர்தான்" என்றார் மத்தியாஸ். அவர் குரலில் மரியாதை இருந்தது.

கந்தப்பனுக்குக் கண் கலங்கிவிட்டது. சனிக்கிழமை இதே குச்சிகளைத்தானே அவனும் பார்த்தான்! எந்தக் கடை தப்பியது என்று பார்த்தானே தவிர, குச்சி நின்ற நிலையைப் பார்க்கத் தோன்றவில்லை. பார்த்திருந்தால் இது அப்பாவின் கை என்று அங்கேயே தெரிந்திருக்கும்.

"அப்ப என் கட?" என்றார் முத்துலிங்கம்.

"குச்சி பழையபடி மேட்டுக்குப் போகும். உங்க கடைக்கு ஒன்னும் ஆகாது."

என்றால், ராக்காயியின் தாழ்வாரம் போகும். அவள் அதை உடனே புரிந்துகொண்டாள். ஆனாலும் அவளுக்குச் சிரிப்பு வந்தது. தம்பி கோணல் வேலை செய்யவில்லை! எட்டு அடி போனால் போகட்டும், மிச்சத்தில் அடுப்பைத் தள்ளிப் போட்டுக்கொள்ளலாம் என்று நினைத்தாள். பத்து நாள் கழித்து அவளுக்கு நெஞ்சு நிறைய மூச்சு வந்தது.

கூட்டம் கலைய ஆரம்பித்தது.

"ஒரு நிமிஷம்" என்றார் மத்தியாஸ். "எங்களுக்கு வந்த கடிதத்துல ரெண்டு குற்றச்சாட்டு இருக்கு. குச்சி விஷயம் ஒன்னு. அது முடிஞ்சது."

தோல்பையிலிருந்து டைப் அடித்த ஒரு தாளை எடுத்தார். கந்தப்பனின் முகத்திலிருந்த இரத்தம் வடிந்துபோனதை ராக்காயி பார்த்தாள். அது என்ன தாள் என்று அவளுக்குத் தெரியவில்லை. அவளுக்கு எழுத்துத் தெரியாது.

"எங்க ஆட்கள் ஒரு பிளான் வேலையைக் கையில எடுக்குறதுக்கு முன்னால சங்கத்துக்கு ஒரு படிவம் அனுப்பணும். அதுல ஒரு கேள்வி இருக்கு. 'இந்த எல்லைக்குள்ள உங்களுக்கோ உங்க சொந்தக்காரங்களுக்கோ வீடு, கடை, காணி இருக்கா?' இருந்தா, கோட்டை இன்னொருத்தர் சரி பார்க்கணும். இல்லாட்டி வேலையை வேற ஆளுக்குக் கொடுக்கணும். மிஸ்டர் கந்தப்பன், நீங்க என்ன பதில் எழுதியிருக்கீங்க?"

கந்தப்பன் தலையைக் குனிந்துகொண்டான். "இல்லைன்னு எழுதியிருக்கேன்."

"ஏன்?"

"எழுதினா வேலை வேற ஆளுக்குப் போயிரும் சேர். இந்த மலையைப் பார்க்காதவங்க கொழும்புல உக்காந்து கோடு போடுவாங்க. பள்ளத்துப் பக்கம் பதினோரு குடும்பம் இருக்கு. அவங்களை மொத்தமாத் தூக்கியிருப்பாங்க. அதனாலதான்..."

"கோடு நேர்மையாத்தான் போட்டிருக்கீங்க. உங்க சொந்தக் கடையையே வெட்டியிருக்கீங்க. ஆனா படிவத்துல பொய் சொல்லிட்டு நேர்மையா இருந்தேன்னா, நாளைக்கு இன்னொருத்தன் படிவத்துல பொய் சொல்லிட்டு நேர்மையில்லாம இருப்பான். ரெண்டு பேரையும் நாங்க எப்படிப் பிரிச்சுப் பார்க்கிறது?"

கந்தப்பன் தாளைக் கையில் வாங்கினான். அவன் அந்தத் தாளையே வெறித்துக்கொண்டிருந்தான். பிறகு திடீரென்று நிமிர்ந்தான். "சேர், இந்தப் படிவத்தை எங்க அலுவலகத்துல நானும், டைப் அடிச்ச டோரீனும் தவிர யாருமே பார்க்கல. கடிதம் எழுதினவங்களுக்கு இது எப்படித் தெரியும்?"

"கையெழுத்துப் போட்டவர் பேரை நாங்க சொல்றதில்ல" என்றார் மத்தியாஸ். டோரீன் என்ற பெயரைக் கேட்டபோது அவர் கண் ஒருமுறை இமைத்ததோ?

டோரீன் யார் என்று ராக்காயிக்கோ இராமையாவுக்கோ தெரியாது. ஞாயிற்றுக்கிழமைகளில் ஹட்டன் மாதா கோயில் வாசலில் கந்தப்பன் அவளுக்காகத்தான் காத்து நிற்கிறான் என்பது நமக்கு மட்டும்தான் தெரியும். எழுதியது அவள்தானோ என்ற சந்தேகம் இப்போது அவன் முகத்தில் ஓடியது.

ஆனால் ராக்காயி அதையெல்லாம் கவனிக்கவில்லை. அவள் காதில் விழுந்தது ஒரே ஒரு சொல்தான்.

"இல்லன்னு எழுதுனியாடா?" என்று கேட்டாள். "எனக்கு யாருமில்லன்னா எழுதுன?"

"அக்கா, அது வெறும் படிவம்..."

மத்தியாஸ் ஒரு வெள்ளைத் தாளை எடுத்தார். "நான் ஒரு வாக்குமூலம் எழுதிக்கணும். அம்மா, இந்தக் கடை உங்க பேர்லதானே இருக்கு? மிஸ்டர் கந்தப்பன் உங்களுக்கு என்ன முறை?"

இந்தப் பதிலை நம்பி என்ன இருக்கிறது என்பது எழுத்துத் தெரியாதவர்களுக்கும் விளங்கியது.

முத்துலிங்கம் தொண்டையைச் செருமினார். யாரும் எதிர்பார்க்கவில்லை. "அதாவதுங்க ஐயா, இந்தப் பஜார்ல எல்லாரும் எல்லாருக்கும் சொந்தந்தான். எனக்குந்தான் அவன் தம்பி. அப்படிப் பாத்தா..."

"நீங்க விடுங்கண்ணே." ராக்காயி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு முன்னால் வந்தாள். தம்பியைப் பார்க்கவில்லை. மத்தியாஸின் பேனாவைப் பார்த்துப் பேசினாள்.

"இவன் எங்கூடப் பொறந்தவன். எங்கம்மா சாகும்போது இவனுக்கு அஞ்சு வயசு. பள்ளிக்கூடத்துல சேக்கும்போது, 'இவனுக்கு யாரு பொறுப்பு'ன்னு கேட்டாங்க. எங்கப்பா மலையில நின்னாரு. நான்தான் பெருவெரல அழுத்திட்டு வந்தேன். அதையும் எழுதிக்கிங்க."

"அம்மா, இதுல நீங்க கைநாட்டு வச்சா இவர் பேரு பட்டியல்ல ஏறாமப் போகலாம். புரிஞ்சுதானே சொல்றீங்க?"

"புரியுதுங்க. அவனுக்காகப் பொய் சொல்றதுன்னா எனக்குப் பெரிசில்ல. அவன் மேல விழுந்த தப்ப இப்பத்தான் என் தலையில போட்டுக்கிட்டேன். இதுவும் வெறும் பொய்தான்னா சொல்லியிருப்பேன், ஒரு கஷ்டமுமில்ல. ஆனா நான் இவனுக்கு யாருமில்லன்னு எப்படிங்க சொல்றது? அது மட்டும் எனக்கு வாய்ல வராது."

மத்தியாஸ் எழுதி முடித்தார். மைப்பெட்டியைத் திறந்து நீட்டினார். ராக்காயி பெருவிரலை மையில் தோய்த்து, தாளின் அடியில், அவர் காட்டிய இடத்தில், அழுத்தி எடுத்தாள்.

"அக்கா" என்றான் கந்தப்பன்.

அவள் விரலை முந்தானையில் துடைத்துக்கொண்டு கடைக்குள் போனாள்.